மூன்றாவது படி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து கேட்க மனம் வரவில்லை. கடைப் பலகை மாட்டுகிறேன் என்று ஏணியின் உச்சிப்படியில் ஒற்றைக் காலில் நின்று சிரிக்கிறாய். அப்பா அதை அக்கம்பக்கமெல்லாம் காட்டிப் பூரித்துப்போனார், நான் உன் கால் எங்கே நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் சொன்னால் "எல்லாம் பழகிடுச்சும்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுதினால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் செருப்புக் கடையிலும் பழகித்தான் போயிருந்தது. கிடங்கு ஏணியின் மூன்றாவது படி எப்போது விரிசல் விட்டதென்று யாருக்கும் நினைவில்லை, ஆளாளுக்கு அதைத் தாண்டியே கால் வைத்து ஏறினோம் இறங்கினோம், கை நிறையப் பெட்டிகளோடு. போன வாரம் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். தண்ணீர் எங்கே, கழிவறை எங்கே என்று எல்லாம் சொன்னோம், அந்தப் படியைப் பற்றி மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. மறைக்கவில்லை, அது உடைந்த படி என்பதே மறந்துபோயிருந்தது. படி முறிந்து விழுந்தாள், மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்த முதலாளி, "கம்பி வெச்சுக் கட்டினா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! பக்கத்துத் தச்சரிடம் ரம்பம் வாங்கி வந்து அவர் கண்முன்னாலேயே ஏணியை அறுத்துப் போட்டேன். "உனக்கு வேலை வேணாமா?" என்று குதித்தார். "வேணும், அதான் அறுக்கிறேன்" என்றேன். வேலை போகவில்லை, புது ஏணிதான் வந்தது. ஒருவர் ஏறினால் ஒருவர் கீழே பிடிக்க வேண்டும் என்று நானே சொல்லிவிட்டேன், முதலாளியும் பிடிக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. வேடிக்கை என்னவென்றால், புது ஏணியிலும் என் கால் மூன்றாவது படியைத் தாண்டியே போகிறது. பழகிப்போவது என்றால் இதுதான் கண்ணா.

உச்சிப்படியில் நிற்காதே. கை எட்டாவிட்டால் சாயாதே, இறங்கி ஏணியை நகர்த்து. ஏறுமுன் படிகளைப் பார். மேஸ்திரி அவசரப்படுத்தினால் "எங்கம்மா விடமாட்டாங்க" என்று பழியை என்மேல் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன். நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டுமாம் அப்பாவுக்கு, நான் விடப்போவதில்லை. வேறு அனுப்பு. உன் முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கீழே ஏணியைப் பிடித்திருக்கும் கை தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஏணியை அறுத்த உன் அம்மா