மூச்சை எண்ணிய கிறிஸ்துமஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவில்லையே?

கிறிஸ்துமஸ் அன்று காலையில் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எனக்கு வேலை. முடிந்ததும் சர்ச்சுக்குக் கிளம்பினேன். அப்பா இல்லாத முதல் பண்டிகை, பாட வாய் வராதென்று பாதியில் திரும்பிவிட்டேன். இங்கே சமைக்கிற அக்கா சாப்பாட்டுக் கூடத்தில் ஜென் தியானம் நடத்துகிறவர். “மனசு சரியில்லன்னா இங்க வா. சுவரைப் பாத்து உக்காந்து மூச்சை எண்ணு. பத்து வந்தா மறுபடியும் ஒண்ணு, அவ்ளோதான்” என்று இழுத்துப்போனார்.

மூன்றைத் தாண்ட முடியவில்லை அம்மா. கடைசி நாளில், வர முடியாத எனக்காக, அப்பாவின் மூக்கருகே ஃபோனைப் பிடித்தீர்களே, இழுத்து இழுத்து வந்த அந்த மூச்சுதான் காதில் கேட்டது. தியானம் முடிந்து மணி அடித்ததும், பழக்கதோஷத்தில் எழுந்து நின்று சத்தமாக “ஆமென்” என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், அது அழுகையில் போய் முடிந்தது. கவலைப்படாதீர்கள், அக்கா கொடுத்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அப்பாவின் சால்வையை அனுப்புங்கள். துவைத்துவிடாதீர்கள், நாளெல்லாம் நான் பிறர் வாசனையைத்தான் போக்கிக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இன்னொன்று. ஃபோனில், “பேச என்னப்பா இருக்கு, வெச்சுடறேன்” என்கிறீர்கள். வைக்காதீர்கள். பேசவே வேண்டாம், சும்மா காதோடு பிடித்துக்கொண்டிருங்கள். நான் எண்ணிக்கொள்கிறேன்.

உங்கள் மகன்