பொட்டி இருக்க வேண்டிய இடம்

ஆவணி முகூர்த்தம், ஞாயிறு ராத்திரி.

படுத்தும் தூக்கம் வரலை. இன்னைக்கு பெரம்பலூர் மண்டபத்துல ரிசப்ஷன், நம்ம சவுண்ட் செட்டு. கீபோர்டைச் சொருகினதுலேருந்து ஸ்பீக்கர்ல ஒரே இரைச்சல். இரைச்சல் இல்லாம கீபோர்டை மிக்சருக்குக் கொண்டுவரத்தான் டிஐ பாக்ஸ்னு ஒரு சின்னப் பொட்டி வாங்கி மாட்டியிருந்தேன். மாட்டியும் இரையுது. பொண்ணோட அப்பா ரெண்டு தடவை திரும்பி முறைச்சுட்டாரு.

அப்பதான் பாஸ்கர் எந்திரிச்சு வந்தாரு. அரியலூர்ல சவுண்ட் சர்வீஸ், எனக்கு நேர்ப் போட்டி. பொண்ணு வூட்டுக்குச் சொந்தமாம். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"பொட்டிய ஏங்க மிக்சர் பக்கத்துல வச்சிருக்கீங்க?"

"மேடையில வச்சா மிதிச்சுடுவாங்க."

அவரு சிரிக்கலை. பட்டு வேட்டியோட மேடையில குத்தவச்சு, பொட்டியை கீபோர்டுக்குக் கீழயே வச்சாரு. கீபோர்டுலேருந்து பொட்டிக்கு ஒரு முழ ஒயர். அங்கேருந்து மிக்சர் வரைக்கும் மைக் ஒயர்; அது எவ்வளவு நீளம்னாலும் இரைச்சலை வாங்காது. நான் இழுத்திருந்த நீளமான கீபோர்டு ஒயர்தான் அத்தனை இரைச்சலையும் வாரிக்கிட்டு வந்திருக்கு.

சட்டுனு அடங்குச்சு. அப்புறம் வந்துச்சு பாரு கீபோர்டு, அவ்வளவு சுத்தம். என் ஸ்பீக்கர் இப்படிப் பாடும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.

பொண்ணோட அப்பா மேடைக்கிட்ட வந்து, "என்ன மாப்ள கோளாறு?"ன்னு பாஸ்கர்கிட்டயே கேட்டாரு.

"கரண்டு சரியில்லைங்க மாமா. இவருதான் சமாளிச்சாரு"ன்னுட்டு பாஸ்கர் பந்திக்குப் போயிட்டாரு.

நானா இருந்தா மைக்கைப் பிடிச்சே சொல்லியிருப்பேன்.