கல்லு ஐயா மேலதான இருக்காரு

ஒக்டோபர் 6, திங்கள்
காலையில் மூட்டம். பகலில் கொஞ்சம் வெயில், பிறகு மழை. லிந்துலைக்குப் போய் பிரஷர் மாத்திரை, உளுந்து. கமலாவின் கண்ணாடிக்குப் பிரேம் கிடைக்கவில்லை. ஹட்டனுக்குத்தான் போக வேண்டுமாம்.

திரும்பி வந்தால் வீட்டுக்குப் பின்னால் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம். ரவி மலையை வெட்டுகிறான். முன்னறையை ஏற்கெனவே சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறான், அவன் அம்மா கமலா சமைத்துப் போடுகிறாள். இப்போது பின்னாலும் மூன்று அறை வேண்டுமாம். நான் கடைக்குப் போகும் நாளாகப் பார்த்து வைத்திருக்கிறான், என் மகன். வெட்டிய மண் முழுக்கக் கீழே, தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம்.

"சரிவோட அடியில கை வைக்கக் கூடாதுன்னு எத்தன தரம்டா சொல்லியிருக்கேன்?"

"அப்பா, நீங்க எந்த மலையப் பாத்தாலும் இடியும்னுதான் சொல்வீங்க."

அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஒக்டோபர் 7, செவ்வாய்
விடாத மழை. குடை பிடித்துக்கொண்டு வெட்டுக்கு மேலே தேயிலைக்குள் ஏறினேன். முழங்கால் வலி. பிறை மாதிரி ஒரு விரிசல், விரல் நுழைகிறது. லயத்துப் பீலியில் தண்ணீர் செம்மண்ணாக விழுகிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று எத்தனை மண்டபங்களில் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்! கிராம சேவகருக்குப் போன். எடுக்கவில்லை.

கமலாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே பதில். "ஊரு மலையெல்லாம் பாத்தீங்க. ரவி பொறந்தப்ப எங்க இருந்தீங்க? பதுளைப் பக்கம் எங்கயோ மண்ணு சரிஞ்சிருச்சுன்னு போயிட்டீங்க. இப்ப அவன் பொழைக்க ஒரு வழி பாத்தா, அதுக்கும் மலையா?"

அவள் சொன்னது சரி. ஆனால் விரிசல் சொல்வதும் சரி.

வட்டகொடை லயத்தில் பிறந்து புவிச்சரிதவியல் படித்தவன் நான். அப்பா சாகும்வரை "டாக்டருக்குப் படிக்கிறான்" என்றே லயத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை கல்லைப் படிக்கிறான் என்று சொல்ல அவருக்கு வெட்கம்.

ஒக்டோபர் 9, வியாழன்
நான் வேலை பார்த்த மண்சரிவு அலுவலகத்துக்கு நானே பேசி ஆள் வரவழைத்தேன். வந்தது நிஷாந்த. நான் வேலை பழக்கிய பையன், இப்போது பெரிய அதிகாரி. வாசலிலேயே காலில் விழுந்து கும்பிட்டான். ரவி கேக் வைத்தான், பிளேன்டீ கொடுத்தான். வெளியே மழை.

"சேர் இருக்கிற இடம்தானே. சேர் பார்க்காமலா வெட்டியிருப்பார்கள்?" என்று சிங்களத்தில் சிரித்தான்.

நான் சொல்லி வெட்டவில்லை, எனக்குத் தெரியாமல் வெட்டியது, மேலே வந்து விரிசலைப் பார் என்றேன். ரவி குறுக்கே வந்து, "ரிட்டயர் ஆனதிலேருந்து அப்பா இப்படித்தான்" என்று அவனுக்குச் சிங்களத்தில் விளக்கம். இரண்டு பேரும் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அடுத்த வாரம் கருவியோடு வருகிறானாம். காலில் விழுந்த நேரத்துக்கு மேலே ஏறியிருக்கலாம்.

ஒக்டோபர் 10, வெள்ளி
கிராம சேவகர் இன்றும் எடுக்கவில்லை. லயத்துக்கு இறங்கினேன். ஒற்றையறைக் காம்பரா எட்டு, எல்லாவற்றிலும் பிள்ளைகள். முதல் காம்பராப் பாக்கியம் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு நனைந்து வந்தாள். கொஞ்ச நாளைக்குக் கோயில் மண்டபத்தில் போய் இருங்கள் என்றேன்.

"எங்களுக்கு என்னங்கய்யா பயம்? கல்லு ஐயா மேலதான இருக்காருன்னு நாங்க நிம்மதியா தூங்குறோம். ஏதும் ஆகறதா இருந்தா நீங்க மொதல்ல போயிருப்பீங்கல்ல?"

இல்லை, மண் இறங்கப்போகிறது என்றேன்.

"ரவி தம்பி வெள்ளைக்காரங்கள கொண்டாந்து தங்க வைக்குதே. ஆபத்துன்னா அவங்க வருவாங்களா?"

நான் வாயால் சொல்வதை, நான் குடியிருக்கும் வீடு பொய்யாக்குகிறது. இந்த ஜனங்களை இங்கே கட்டிப்போட்டிருப்பவன் நான்தான். பயமாக இருக்கிறது.

ஒக்டோபர் 11, சனி
விரிசலில் இப்போது கையே நுழைகிறது. பை: வேட்டி இரண்டு, மாத்திரை, கம்பளி, டோர்ச். கமலாவைக் கூப்பிட்டேன். "போறதுன்னா நீங்க போங்க." பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கட்டும் என்று லயத்து வாசல் வழியாகவே மெதுவாகக் கோயில் மண்டபத்துக்கு நடந்தேன்.

"மகனோட சண்ட போல."

"பாவம், வயசான காலத்துல."

சாயங்காலம் பாக்கியம் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். "நம்ம புள்ளதானங்கய்யா. கொஞ்சம் பொறுத்துப் போங்க." லயத்தில் ஒருவரும் அசையவில்லை. ஆத்திரத்தோடு முழு ரொட்டியையும் தின்றேன். நல்ல சம்பல்.

ஒக்டோபர் 12, ஞாயிறு
காலையில் கமலா வந்தாள். கையில் துணிப்பை இல்லை. இடுப்பில் அணைத்த மாரியம்மன் படம், கையில் காமாட்சி விளக்கு. குசினியில் அடுப்படித் தரை வெடித்துவிட்டதாம். ரவியைக் கூப்பிட்டாளாம், வரமாட்டேன் என்றானாம்.

கோபித்துக்கொண்டு போகிறவள் துணிமணியைத்தான் எடுப்பாள். சாமிப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினால் வீட்டையே கைவிட்டாயிற்று என்று அர்த்தம். தோட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லயத்தைக் கடக்கும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பின்னாலேயே பாக்கியம், தன் முருகன் படத்தோடு. பகல் சாப்பாட்டுக்குள் எட்டுக் காம்பராவும் காலி. மண்டபம் முழுக்கப் பிள்ளைகள், கோழிகள், டீவிப் பெட்டிகள்.

என் காலமெல்லாம் வரைபடம், கருவி, அறிக்கை. அவள் ஒரு படத்தைக் கழற்றினாள், முடிந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவன் பொறாமைப்படுகிறேன். அசிங்கம்தான்.

மாலையில் ரவியின் போன். அவனும் இறங்கி வருகிறான் என்று நினைத்து, கமலாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மண்டபமே பேச்சை நிறுத்திக் கேட்டது.

"அப்பா, அம்மாவ மேல அனுப்பி வைங்க. நாளைக்கு ரெண்டு கெஸ்ட் வர்றாங்க. யாரு சமைக்கிறது?"