கிளாண்டு கோளாறு

நவம்பர் 9, ஞாயிறு

என் கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. இன்று திருப்பலியில், "கிளாண்டு கோளாறால் அவதிப்படும் சகோதரி சாராவுக்காக" என்று மன்றாட்டு வாசித்தார்கள். கோளாறு எனக்கல்ல, கேபிளுக்கு. மோட்டார் ரூமுக்கு மண்ணுக்கடியில் போகும் கேபிளுக்கு மேலே இரும்புக் கம்பிச் சுற்று உண்டு. சுவரிலுள்ள தகரப் பெட்டிக்குள் அது நுழையும் இடத்தில், அந்தக் கம்பிகளை இறுக்கிப் பிடிக்கும் பித்தளைத் துண்டுதான் கிளாண்டு. முன்வாசல் பெட்டியில் அது இருக்கிறது, மோட்டார் ரூம் பக்கம் பின்புறப் பெட்டியில் இல்லை. அந்தப் பெட்டியில் கை பட்டால் சுரீரென்கிறது. மருமகள் ஃபெமினாவிடம் போனில் இதைத்தான் சொன்னேன். பாதிதான் கேட்டிருக்கிறாள்; அதையே கோயிலுக்கும் சொல்லியிருக்கிறாள்.

நவம்பர் 10

பெங்களூரிலிருந்து மகன் வின்ஸ்டன் போன் செய்தான். "ஷாக்கெல்லாம் இல்லம்மா, நரம்பு. வயசாச்சுல்ல? கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க."

பூட்டுவதா? நானும் அவன் அப்பாவும் கட்டிய வீட்டை?

நவம்பர் 11

வயரிங் செய்த கதிரேசனை வரவழைத்தேன்.

"ஏனுங்கம்மா, எம்-சீல் பசை வச்சு ஓட்டையை அடைச்சிருக்கறனுங்க. அசையாதுங்க."

"முதல்ல பெட்டியில டெஸ்டரை வை."

எரிந்தது. மெயினை இறக்கிவிட்டு, "இப்போ இழு" என்றேன். கேபிள் கையோடு வந்தது. ஓட்டையின் விளிம்பு உரசி உள்வயரின் தோல் கிழிந்திருந்தது.

"தப்பாப் போச்சுங்க."

நரம்பாம்!

நவம்பர் 13

கதிரேசன் கிழிந்த முனையை வெட்டி எறிந்து, கம்பிகளைக் குடை போல விரித்து, கிளாண்டுக்குள் பூட்டி, எர்த் வயரும் இணைத்தான். இன்னும் ஒரு சுற்று என்றேன்.

"இதுக்கு மேல முறுக்குனா மரை கழண்டுருமுங்க."

"எனக்குக் கழண்டுடுச்சுன்னுதான் என் மகன் சொல்றான். நீ முறுக்கு."

சிரித்துக்கொண்டே முறுக்கினான். மெயினைப் போட்டோம். டெஸ்டர் எரியவில்லை. பிறகு நானே உள்ளங்கையை வைத்தேன். தகரத்தின் குளிர்ச்சி மட்டும்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

கோயில் வாசலில், போன வாரம் மன்றாட்டு வாசித்த சகாயம் பிடித்துக்கொண்டார். "அம்மணி, ஆப்பரேசன் முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க. எலக்ட்ரீசியன்தான் பண்ணினார்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டெஸ்டர் எரிந்த படம், எரியாத படம் இரண்டையும் வின்ஸ்டனுக்கு அனுப்பிவிட்டேன். கீழே எழுதியது இது:

"வீடு பூட்டப்படாது. கிறிஸ்துமஸுக்கு நீங்கள் இங்கே வாருங்கள். போன் வேண்டாம், பாதிதான் காதில் விழுகிறது. பதிலை எழுதி அனுப்பு."