கோடு விழாத சொம்பு

பிப். 10, 2006. வெள்ளி. ஷார்ஜா.
காலையில் மூடுபனி. எதிர்க் கட்டடமே தெரியவில்லை. பால், ரொட்டி, மருமகள் உமாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை. வயிற்றிலிருந்த குழந்தை போய் இன்றோடு பன்னிரண்டு நாள். ஐந்தாம் மாதம். பெண் என்று நர்ஸ் சொன்னாளாம்.

முரளிக்கு இன்றும் டியூட்டி. துப்பாக்கி கிளப்பில் சுட வருகிறவர்கள் கூட்டம் வெள்ளியில்தான். ரிவால்வருக்குக் குண்டு வார்ப்பதும், சுட்டபின் குழலுக்குள் ஒட்டியதைச் சுரண்டுவதும் என் பையன் வேலை. "கெட்டியா வார்த்தா ஒட்டாதுன்னு நினைக்கிறாங்கப்பா. குழலுக்கு அளவு சரியில்லேன்னா எவ்வளவு கெட்டியானாலும் ஒட்டும்." பாட்டில் மூடியை உதாரணம் சொன்னேன். வாய்க்குப் பொருந்தாவிட்டால் எந்த மூடியும் ஒழுகும். தலையாட்டினான். முன்பெல்லாம் சிரிப்பான்.

பிப். 11, சனி.
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இருவர் ரத்தத்திலும் காரீயம், அதாவது லெட். மு.வுக்கு அதிகம், உமாவுக்கு அதில் பாதி. குழந்தை போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாமாம். மலையாள டாக்டர். இவர்களுக்குப் புரியட்டும் என்று "ஈயம்" என்றாராம். அவர் மொழியில் அது காரீயம். மு.வுக்குப் புரிந்திருக்கிறது. ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். தான் உருக்குவது அதுதான் என்று உமாவிடம் சொல்லவில்லை.

மதியம் யாரும் சாப்பிடவில்லை. தயிர் புளித்துவிட்டது.

பிப். 12, ஞாயிறு.
மேல் மாடி ஜமீலா சூப் கொண்டுவந்தாள். கீழக்கரைக்காரி. நல்ல மனசு, வாய்தான் நிற்காது. "ஈயமா? இந்த ஊர்ல ஈயம் எங்க இருக்கு? உங்க ரசச் சொம்புதான்."

அவள் போனதும் உமா சொம்பைப் பேப்பரில் சுற்றினாள். கும்பகோணத்தில் நான் வாங்கி வந்து கொடுத்த ஈயச் சொம்பு.

"வாந்திக்கு நல்லதுன்னு தினம் ரெண்டு வேளை குடிச்சேன் மாமா. நானே குடுத்திருக்கேன் அதுக்கு."

மு. என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

முப்பத்தொரு வருஷம் வேதியியல் வாத்தியாராகக் கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டவன் நான். இடது பக்கம் வெள்ளீயம்: பாத்திரம், பூச்சு. வலது பக்கம் காரீயம்: பாட்டரி, குண்டு, நஞ்சு. "ஈயம்னு மட்டும் எழுதினா அரை மார்க்" என்பேன்.

இந்த வேலை கிடைத்தபோது மு. போனில் கேட்டான். எனக்காகத் தமிழில் கேட்டான். "ஈயம் உருக்குற வேலைப்பா. உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" லெட் என்று சொல்லியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். "நம்ம வீட்டு ரசமே ஈயத்துலதானேடா" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். கையுறை, முகமூடி பற்றி அதன்பிறகு அவன் கேட்கவே இல்லை.

சொன்னால் உமா தப்பிப்பாள். மு. மாட்டிக்கொள்வான். நானும்.

பிப். 13, திங்கள்.
காற்று, மணல். துணி உள்ளேயே காய்கிறது. உமா சொம்பைக் குப்பையில் போடக் கிளம்பினாள். நிறுத்தினேன்.

மு.வின் சட்டைப் பையில் மறந்து வந்த குண்டு ஒன்று ஜன்னல் ஓரம் கிடந்தது. ஊறப்போடும் முன் யூனிஃபார்மை உதறுகிறவள் இவள்தான். பால்கனி முழுக்கத் தூசி பறக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

வெள்ளைத் தாளில் சொம்பின் விளிம்பைத் தேய்த்தேன். கோடு விழவில்லை; வெள்ளீயம். குண்டைத் தேய்த்தேன். கெட்டியாக்கி வார்த்தது, அதனால் மங்கல். ஆனாலும் கோடு; காரீயம். சட்டையில் ஒட்டி வரும் தூசியைச் சொன்னேன். போனில் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். வாய்ப் பழக்கம், கடைசியில் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"புரிஞ்சுது மாமா."

அழவில்லை. சொம்பை எடுத்து அலமாரியில் வைத்தாள். கை கழுவினாள். மறுபடி கழுவினாள்.

ஆறு மணிக்கு வாசலில் சாவிச் சத்தம். உமா எழுந்து போய்க் கதவைப் பாதி திறந்தாள்.

"அங்கயே நில்லுங்க. சட்டைய வெளியிலயே கழட்டுங்க."

மு. அவளைத் தாண்டி என்னைப் பார்த்தான். கழற்றினான்.