கொக்கத்தடியை வெட்டிய உங்களுக்கு

இன்று காலையும் மூன்று மாம்பழங்கள் குளியலறைத் தகரத்தில் விழுந்து சிதறிவிட்டன. வளவு முழுக்கப் பழவாடை, அதைத் தேடி வந்த ஈக்கள். பறிக்கலாம் என்றால் கொக்கத்தடி இல்லை. அதன் நுனியில் இருந்த கொக்கையைக் கழற்றி வீசிவிட்டு, தடியை உங்கள் புருவ உயரத்துக்கு அளந்து வெட்டியவர் நீங்கள்தான். இப்போது அது எந்தக் கிளைக்கும் எட்டாது. குசினிக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்று, கதவைத் திறக்கும்போதெல்லாம் என் தோளில் விழுகிறது. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஏழு மாதம். நாலு மாதம் பத்து நாள் வெளியே இறங்காமல் இத்தாவும் இருந்து முடித்துவிட்டேன். உங்கள் மேல் உள்ள கோபம் மட்டும் இன்னும் முடியவில்லை.

எல்லாம் ஒரு நாயால் வந்தது. சீனி வருத்தத்துக்கு மருந்து எழுதிய டொக்டர், தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்கச் சொன்னார். இரண்டு நாள் நடந்தீர்கள். மூன்றாம் நாள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தீர்கள். "தடியொண்டு இல்லாம இந்த ஊர்ல நடக்கேலாது புள்ள" என்றீர்கள். நாயை விரட்ட ஒரு தடி போதும். உங்களுக்குப் போதவில்லை. தடியைச் சரியாகப் பிடிப்பது எப்படி என்று போனில் தேடப் போய், வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு சீன மாஸ்டரிடம் போய் மாட்டிக்கொண்டீர்கள். அதோடு நடையும் நின்றது, நாயும் மறந்துபோனது.

ஊரிலேயே சீனடி என்று கம்பு சுற்றப் படிப்பிக்கும் அண்ணாவிமார் இருக்கிறார்களே, அவர்களிடம் போங்களேன் என்று எத்தனை முறை சொன்னேன்! "பென்சன் எடுத்த மனிசன் சின்னப் பொடியன்மாரோட நிண்டு கம்பு சுத்துறதா? மருமகன் பாத்தா என்ன நினைப்பார்?" என்று மறுத்துவிட்டீர்கள். போனில் உள்ள சீனருக்கு மட்டும் உங்களைத் தெரியாது, அதனால் வெட்கமில்லை.

அவர் பேசுவது சீனம். கீழே ஓடும் எழுத்து இங்கிலீஷ். நீங்களோ சாகாமம் குளத்தில் மடை திறந்து மடை பூட்டியே உத்தியோகத்தை முடித்தவர். வாசித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? முப்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்த நான். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் எனக்கு முற்றத்தில் கதிரை போடப்படும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வேண்டும். தடி புருவம் வரை இருக்க வேண்டும் என்ற வரியையும் நான்தான் வாசித்தேன். அதை விழுங்கியிருக்கலாம். மறுநாள் பார்த்தால் கொக்கத்தடி அரைவாசி.

"இது என்ட உம்மா காலத்துத் தடி!" என்று நான் கத்தினேன். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வரும், மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பார். அந்த வழக்கத்தை நீங்கள் அன்றுவரை ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. அன்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஊடு உன்ட, வளவு உன்ட, மாமரமும் உன்ட. இந்தத் தடி மட்டும் என்டதா இரிக்கட்டுமே." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு தொடங்கியது இடது வலது சண்டை.

"இடது காலப் பின்னுக்கு வெக்கட்டாம்" என்பேன்.

"இந்தப் பக்கத்துக் கால்தானே புள்ள போகுது?" என்று வலது காலை வைப்பீர்கள்.

"அவர் உங்களப் பாத்துக்கொண்டு நிக்கார் மச்சான். அவர்ட இடது உங்களுக்கு வலதாத்தான் தெரியும்."

"நான் கண்டதச் செய்யவா, நீ சொல்றதச் செய்யவா?"

நீங்கள் கண்டதைத்தான் செய்தீர்கள். மூன்று மாதம் முழுவதையும் தலைமாற்றிப் படித்தீர்கள். வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொள்ள வரும் வயல்காரர்களை உட்கார வைத்து, இரு பக்கக் கதையையும் கேட்டுத் தீர்த்து அனுப்பும் மனிதர் என்று ஊரில் உங்களுக்குப் பெயர். என் பக்கக் கதையை மட்டும் கேட்கக் காது இருக்கவில்லை. பக்கத்து வளவு ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, மச்சானுக்கு ஆரும் சூனியம் என்னமும் செஞ்சி போட்டாங்களாகா?" என்று கவலையோடு கேட்டா.

பிறகு ஒரு நாள் உங்களுக்கே பிழை விளங்கியது. என்னிடம் ஒத்துக்கொண்டீர்களா? இல்லை. என் உம்மா வாங்கித் தந்த நிலைக்கண்ணாடியை அறையிலிருந்து முற்றத்துக்கு இழுத்து வந்தீர்கள். கண்ணாடியைப் பார்த்தபடி போனைத் திருப்பி வைத்து, கண்ணாடிக்குள் தெரியும் மாஸ்டரைப் பார்த்துச் செய்தால் இடம் வலம் சரியாகிவிடுமாம். சரியாகத்தான் ஆனது, அதையும் சொல்ல வேண்டும். பதினான்கு அசைவுகள் ஒழுங்காக வந்தன. பதினான்காவது, தடியை இடுப்பு உயரத்தில் வீசிச் சுழற்றுவது. கண்ணாடி எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள்.

உடைந்த துண்டுகளை நான்தான் கூட்டி அள்ளினேன். "கையக் காலக் கீறிக்கொள்ளாத புள்ள" என்று தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்தில் சொன்னேன்: "இனி ஒரு சொல்லும் வாசிக்க மாட்டன். உங்கட சைனாக்காரனுக்கு வாய் செத்துப் போச்சு."

சொன்னபடி இருந்தும் காட்டினேன். மொத்தம் இருபது அசைவுகள். நீங்கள் ஒவ்வொரு நாளும் பதினான்கு வரை செய்துவிட்டு, தடி காற்றில் நிற்கக் குசினி யன்னலைப் பார்ப்பீர்கள். நான் தேங்காயை இன்னும் சத்தமாகத் திருவுவேன். ஒரே ஒரு தடவை வாசலுக்கு வந்து, "பதினஞ்சு என்னவாம் புள்ள?" என்று கேட்டீர்கள். "இங்கிலீஷ் படிச்சிட்டு வாங்க" என்றேன். நீங்கள் திரும்பிப் போய், முதலிலிருந்து தொடங்கினீர்கள்.

அடுத்த கிழமை, காலைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மதியம் லுஹர் தொழுகைக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது. தடி சுற்றித்தான் இப்படி ஆனது என்று ராத்தா இன்றும் சொல்கிறா. நான் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் தடி இல்லாவிட்டால் நீங்கள் சாய்கதிரையை விட்டே எழும்பியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கு வலிப்பது வேறு. ஆறே ஆறு அசைவு. ஒரு பின்னேரம் உட்கார்ந்து வாசித்திருந்தால் முடிந்திருக்கும். ஒரு கண்ணாடிக்காக அதைத் தராமல் விட்டேன்.

மாம்பழம் வீணாகிறதே என்று போன கிழமை மகள் வந்து பார்த்தாள். "உம்மா, வாப்பாட தடியில பைப் ஒண்டக் கட்டி நீட்டுவமா? கொக்கையையும் திரும்ப மாட்டலாம்" என்றாள். தடியை அவள் கையிலிருந்து பறித்த வேகத்தில் அவள் பயந்தே போனாள். "புதுசொண்டு வாங்கு. இது வாப்பாட அளவு" என்றேன்.

இன்று பின்னேரம்தான் உங்கள் போனை எடுத்தேன். வீடியோ பதினான்கின் முடிவிலேயே நின்றுகொண்டிருந்தது. அதை ஓட விட்டு, மிச்சத்தை வாசித்து மனதில் போட்டுக்கொண்டேன். போனைக் கதிரையில் வைத்துவிட்டு, தடியைத் தூக்கினேன். என் தலைக்கு மேல் ஒரு சாண் நிற்கிறது. வெயில் கண்ணில் அடித்ததால் போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். மாஸ்டர் பார்க்கும் திசையையே இப்போது நானும் பார்க்கிறேன். அவருடைய இடது, என் இடது. அட, இவ்வளவுதானா! நான் கதிரையில் உட்கார்ந்து உங்களுக்கு எதிரே நீட்டி முழக்கியதற்குப் பதிலாக, எழுந்து உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் போதுமே. மூன்று மாதச் சண்டை மிச்சமாகியிருக்கும், கண்ணாடியும் தப்பியிருக்கும். உங்களுக்கும் தோன்றவில்லை, படிப்பித்துத் தின்ற எனக்கும் தோன்றவில்லை.

அதனால் இப்போது எழுந்து வந்து நிற்கிறேன். நீங்களும் மதிலைப் பாருங்கள், நானும் மதிலையே பார்க்கிறேன். ராத்தா எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும். பதினைந்து: இடது காலைப் பின்னுக்கு வைத்து, தடியின் நுனியை நிலத்துக்கு இறக்குங்கள். பதினாறில் அதே நுனியை மேலே கிளப்ப வேண்டும், அவசரமில்லாமல். பிறகு வலது காலை முன்வைத்து நேரே ஒரு குத்து. பதினெட்டு, தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துத் தடுப்பது. அடுத்தது முழுதாக ஒரு சுற்றுத் திரும்புவது, அதற்கு இடமிருக்கிறது, இப்போது உடைக்க ஒன்றுமில்லை. கடைசியில் காலிரண்டையும் சேர்த்து, தடியைப் பக்கத்தில் நிமிர்த்தி, மூச்சை விட்டுச் சும்மா நிற்கட்டாம்.

முடிந்தது. இனி முதலிலிருந்து. இடது என்றால் உங்கள் இடதுதான் மச்சான், என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.