ஆடு பத்துகிற சொல்

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அப்பா எழுதுவது. பெரியப்பா போன துக்கம் ஒருபக்கம் கிடக்க, நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்கக் குலசாமி துணை. கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது, குதிரைவாலி தேறிவிடும், அம்மாவின் முழங்காலுக்குக் காரியாபட்டியில் தைலம் வாங்கி வந்தேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், போனில் சொல்ல வெட்கப்பட்ட ஒன்று இருப்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

பிணத்தைத் தூக்குமுன் வீட்டின் மூத்த ஆண் நம் வீட்டுத் தெலுங்கில் வழியனுப்ப வேண்டும், செத்தவர் காதில் அது மட்டும்தான் விழும் என்பது நம் வழக்கம். இதுவரை எல்லாச் சாவுக்கும் பெரியப்பாதான் சொன்னார். அன்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நீயும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் ஊர்ப் பூர்வகுடிகள் தங்கள் பேச்சை மீட்கப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது, நம் பேச்சு எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று பீற்றிக்கொண்டவன் நான். கும்பிட்டு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் வந்தது, காலையில் பட்டியைத் திறந்து மேய்ச்சலுக்கு ஆடு பத்தும்போது சொல்கிற சொல். பதற்றத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டேன். இளவட்டங்கள் பொருள் தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்கள், பெரியப்பா மகன், உனக்கு இளையவன் மாரிச்செல்வம் அழுதேவிட்டான். தெரிந்த கிழவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு உயிரே கூசிப்போனது.

அதைப் பதிந்து வைத்துப் பேத்திக்குப் பழக்குவதாக நேற்று நீ சொன்னாய், அவளும் மழலையில் சொல்லிக் காட்டினாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பெரியம்மாவிடம் போய் நின்றேன். விடுங்க கொழுந்தனாரே, அவுகளும் ஆடு மேச்சவுகதானே, வெளங்கியிருக்கும் என்றார். திட்டியிருந்தால் தேவலை. பிறகு அவரே சரியான சொல்லைச் சொல்லித் தந்தார், போய் வா, வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பொருள். அவர் குரலிலேயே மாரிச்செல்வம் அனுப்புவான்.

பழைய பதிவை மறக்காமல் அழித்துவிடு. பேத்திக்குச் சாவுச் சொல் எதற்கு, சாப்பிடக் கூப்பிடுகிற சொல்லை முதலில் பழக்கு, அதையும் பெரியம்மாவிடம் கேட்டு அனுப்புகிறேன். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வழியனுப்புச் சொல்லை மட்டும் நீ மனப்பாடம் செய்துகொள். எனக்குப் பிறகு வீட்டில் மூத்தவன் நீதான். என்னையும் ஆட்டைப் பத்துவதுபோல் பத்திவிடாதே மகனே.

முகம் காட்டக் கூசும் உன் தகப்பன்,
கோட்டைச்சாமி